கேசட்டின் முதல் பக்கம்

எங்கள் போன் குழுவில் இருப்பவர்கள் ஓய்வு பெற்ற நர்ஸுகளும், எப்போது ஓய்வு வரும் என்று காத்திருக்கும் நர்ஸுகளும்தான். காலை வணக்கப் பூ, முட்டிவலிக்குக் கை வைத்தியம், பேரப்பிள்ளை போட்டோ, இதுதான் அங்கே ஓடும். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் புதிதாக ஒரு கேள்வி போட்டாள். "உங்க வாழ்க்கையில அதிகமா கேட்ட ஆல்பம் எது? எல்லாரும் சொல்லணும்." ஆளாளுக்கு ஒரு சினிமாப் பெயரைப் போட்டார்கள். நானும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, "ஒரு கிளாரிநெட் கேசட்" என்று போட்டேன். அவ்வளவுதான். "ஜமீலாக்காவுக்குக் கச்சேரியா!" என்று கண்ணீர் விட்டுச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன.

ஆசைப்பட்டுக் கேட்டேன் என்றா சொன்னேன்? அதிகமாகக் கேட்டது எது என்றாள், சொன்னேன். அந்தக் கேசட்டை நான் வாங்கவில்லை. அது என்ன ராகம், என்ன தாளம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதில் வாசிப்பவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் அதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். அங்கே ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. என் காலில் புடைத்திருக்கிற நரம்பெல்லாம் அந்தக் கேசட் கொடுத்த பரிசுதான்.

குழுவில் இதையெல்லாம் தட்டி எழுத என் விரலுக்குத் தெம்பு இல்லை. கேட்டுவிட்டார்களே என்று இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முத்துப்பேட்டை. நர்ஸ் படிப்புக்குத் தஞ்சாவூர் போனபோது என்னைப் பெற்ற அத்தா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். மூன்று வருஷம் படித்தேன். படித்தேன் என்பதைவிட வார்டு வார்டாகப் பாத்திரம் சுமந்தேன் என்பதுதான் சரி. நர்ஸாக இருந்தவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. கல்யாணமானது. வீட்டுக்காரர் சவூதிக்கு, தமாமுக்குப் போனார். நான் நீடாமங்கலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். தியேட்டருக்குள் நின்றால் என்ஜின் ஊதுவது கேட்கும்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் டாக்டர் வசந்தா. நாங்கள் 'அம்மா' என்போம். பக்கத்துக் கிராமத்தில் நிலம் நீச்சு என்று இருந்த குடும்பம். அண்ணன் தம்பியெல்லாம் நிலத்தை விற்றுவிட்டு பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட, இவர் மட்டும் இந்த ஊரே போதும் என்று இருந்துவிட்டார். குள்ளமான உருவம். தியேட்டருக்குள் ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். வெளியில் எங்களைத் திட்டினால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். தியேட்டருக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் குரல் எங்கே போகும் என்றே தெரியாது. "கத்தி", "கத்திரி" என்று கேட்கமாட்டார். கையை நீட்டுவார். நீட்டுகிற விதத்தை வைத்து எது வேண்டும் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் திட்டமாட்டார், நீட்டிய கையை அப்படியே வைத்திருப்பார். திட்டியிருந்தால் தேவலை.

கேசட் வந்த கதை இதுதான். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். வலி தெரியாது, ஆனால் ஆள் முழித்தே கிடப்பாள். முகத்துக்கு முன்னால் ஒரு துணித் திரை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கு எல்லாம் தெரியும். கத்திரி தட்டில் விழுகிற சத்தம், ரத்தத்தை உறிஞ்சுகிற மெஷினின் சத்தம், நாங்கள் பேசிக்கொள்வது. ஒரு பெண் இதையெல்லாம் கேட்டு மிரண்டுபோய் எழுந்து உட்காரப் பார்த்தாள். மறுநாளே அம்மா தன் வீட்டிலிருந்து ஒரு கேசட்டும் பழைய டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தார். அந்த ரெக்கார்டர் ஒரே வாரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் புகைந்துபோனது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் லீவில் வந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாளைக்கு என்று சொல்லிக் கொண்டுபோய் வைத்தேன். அது வீடு திரும்பவே இல்லை. அடுத்த லீவில் வந்து, "என் டேப் எங்கடி?" என்று கேட்டார். "அது ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருக்கு மச்சான்" என்றேன். அவர் சிரித்தார், நல்லவேளை.

வாசித்தவர் பெரிய புகழ் உள்ளவர் இல்லை. அட்டையில் இருந்த போட்டோவில் பாதி முகம்தான் மிச்சம். ஏதோ ஊர் சபையில் நேராகப் பதிவு செய்த கச்சேரி. பாட்டுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்திருந்தோம். முதல் உருப்படி 'கைகழுவுற பாட்டு'. அம்மா முழங்கை வரை தேய்த்துக் கழுவி முடிக்கவும் அது முடியவும் சரியாக இருக்கும். அடுத்தது 'கத்திப் பாட்டு'. மூன்றாவது 'பிள்ளைப் பாட்டு'. குழந்தை பெரும்பாலும் அதில்தான் வெளியே வரும். நாலாவது நீளமானது, கர்ப்பப்பையைத் தைத்து மூடும்வரை ஓடும். அந்த நாலாவது முடிகிற இடத்தில், கிளாரிநெட் இறங்கி இறங்கி வந்து நின்றதும், கைதட்டலுக்கு முன்னால், சபையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் "பலே!" என்று சொல்வார். வெற்றிலை போட்ட வாய் என்று குரலிலேயே தெரியும். பிறகு கைதட்டல். பிறகு 'டக்' என்று பட்டன் தானாக எழும்பிக்கொள்ளும். முதல் பக்கம் முடிந்தது.

எங்கள் தியேட்டரின் வழக்கமே அந்த "பலே"யில்தான் நின்றது. அது கேட்டதும் அம்மா கையை எடுத்துவிட்டு "எண்ணுங்க" என்பார். ரத்தம் ஒற்ற வயிற்றுக்குள் வைத்த துணிகளையெல்லாம், மாப் என்போம், உள்ளே ஒன்றும் தங்கிவிடவில்லையே என்று எண்ணுவோம். எண்ணி முடித்து நான் "சரியா இருக்கும்மா" என்று சொன்ன பிறகுதான் கேசட்டைத் திருப்ப வேண்டும். இரண்டாம் பக்கம் ஓடும்போது வயிற்றைத் தைத்து மூடுவோம். கர்ப்பப்பைத் தையல் முந்தி முடிந்துவிட்டாலும் அந்தக் கிழவர் சொல்லும்வரை அம்மா காத்திருப்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கேஸ் கைமீறுகிற மாதிரி தெரிந்தால் அம்மா "நிறுத்து" என்பார். அந்த ஒரு சொல்தான். உடனே பாட்டை நிறுத்திவிட வேண்டும். அவருக்குச் சுற்றிலும் சத்தம் இருக்கக்கூடாது. ஆக, எங்கள் தியேட்டரில் பாட்டு ஓடினால் பயமில்லை, நின்றால் ஆபத்து. இன்றைக்கும் வீட்டில் யாராவது சட்டென்று டிவியை நிறுத்தினால் என் கை தானாகக் கையுறையைத் தேடுகிறது. மருமகள் கேலி செய்வாள். செய்யட்டும்.

கேசட்டைப் போடுவதும் திருப்புவதும் மலர்க்கொடியின் வேலை. நான் கைகழுவிக் கையுறை மாட்டி அம்மாவுக்கு எதிரே நின்றுவிட்டால் வேறு எதையும் தொடக்கூடாது. வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்க, திறக்க, மூட ஒரு ஆள் வேண்டும். அதுதான் மலர். வடக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். அப்பா அம்மா நடவு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர்கள். துறுதுறுவென்று இருப்பாள். வேலை செய்துகொண்டே அந்தக் கிளாரிநெட்டோடு சேர்ந்து மூக்கால் பாடுவாள். "பலே" வரும்போது முகமூடிக்குள்ளேயே வாயசைப்பாள். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்.

அவளுக்குக் கல்யாணமாகி, புருஷன் செந்தில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் கையில் தெம்பிருந்த பையனெல்லாம் அப்படித்தான் போனான். எங்கள் தெருக்காரர்கள் வளைகுடாவுக்கு, அவர்கள் தெருக்காரர்கள் சிங்கப்பூருக்கு. ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண்களோடு புருஷன் வருவதே அபூர்வமாகிப்போனது. மாமியார் வருவாள், தம்பி வருவான், போன் வரும். மலருக்கும் அதே கதை. மாசமாக இருந்தபோதும் தியேட்டர் வேலையை விடவில்லை. "உட்காருடி" என்றால், "உட்கார்ந்தா தூக்கம் வருதுக்கா" என்பாள்.

அவளுக்கு வலி வந்தது நடவு நேரம், வானம் மூடியிருந்த ஒரு நாள். விடிய விடிய வலி இருந்தும் தலை இறங்கவில்லை. குழந்தையின் துடிப்பு குறையத் தொடங்கியது. அம்மா சிசேரியன் என்றார். மலருக்கு ரத்தம் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அம்மா காலையிலேயே கம்பவுண்டர் கோவிந்தனைக் காரில் தஞ்சாவூருக்கு அனுப்பி ரத்தம் வாங்கிவரச் சொல்லியிருந்தார். அவர் வரும்வரை பொறுக்கலாம் என்று பார்த்தோம். குழந்தையின் துடிப்பு பொறுக்கவிடவில்லை.

மலரின் இடத்தில் அன்றைக்கு ஆயா பாக்கியம் நின்றாள். மன்னார்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற செல்வராஜ் சார்தான் மயக்க டாக்டர். மேஜையில் ஏற்றிப் படுக்க வைத்ததும் மலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, பாட்டை நிப்பாட்டினீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும், பார்த்துக்குங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் ஜில்லென்று இருந்தது. அம்மா கையைக் கழுவிக்கொண்டே, "வாயை மூடிக்கிட்டு படுடி. நீ பாடாம இருந்தாலே போதும்" என்றார். பாக்கியம் பட்டனை அழுத்தினாள். கைகழுவுற பாட்டு ஆரம்பித்தது.

பிள்ளைப் பாட்டு தொடங்கின சூட்டிலேயே குழந்தை வந்துவிட்டது. பெண். வந்ததும் வீல் என்று கத்தினாள், எங்களுக்கு உயிர் வந்தது. திரைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "என்னக்கா, இவ்வளவு கறுப்பு" என்றாள் மலர். செல்வராஜ் சார் சத்தமாகச் சிரித்தார். பாக்கியம் குழந்தையைத் துடைத்து, வெளியே மலரின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

குழந்தையும் நஞ்சுக்கொடியும் வந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கிக் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் ரத்தம் நிற்கும். மலருடையது இறுகவில்லை. ஊறிய துணி மாதிரித் தொளதொளவென்று கிடந்தது. அம்மா அதைக் கையில் பிடித்துப் பிசைந்தார். பாட்டிலில் மருந்து ஏற்றினோம், ஊசி போட்டோம். கொஞ்சம் இறுகும், உடனே விட்டுவிடும். கீழே நான் வைத்த துணியெல்லாம் வைத்த கையோடு சிவந்தது. உறிஞ்சுகிற மெஷினின் சத்தம் மாறிவிட்டது. காற்றை இழுக்கும்போது ஒரு சத்தம், ரத்தத்தை நிறைய இழுக்கும்போது வேறு சத்தம்.

நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகமூடிக்குள் வாய் அசைவது தெரிந்தது. "நி" என்று தொடங்கினார். நானும் பாக்கியத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டேன். அப்போதுதான் அம்மாவுக்கு, திரைக்கு அந்தப் பக்கம் கிடப்பது யார் என்று உறைத்திருக்க வேண்டும். கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார்.

"ஓடட்டும்" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

எனக்குத் தெரிந்து, கைமீறின ஒரு கேஸில் அவர் பாட்டை ஓட விட்டது அதுதான் முதல் தடவை.

ரத்தம் வேண்டும். கோவிந்தன் வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மூடினால் திறக்காது. என்ஜினைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டுவார்கள், அந்தப் பக்கம் தள்ளுவார்கள், பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்து தூங்குவார்கள். என்ஜின் ஊதுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அம்மா, "பாக்கியம், கேட்டுக்கு ஓடு. அவனைக் காரை விட்டுட்டு வரச் சொல்லு" என்றார். அதையும் ஏதோ காபி வாங்கிவரச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். பாக்கியம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

இப்போது உள்ளே நாங்கள் மூன்று பேர். செல்வராஜ் சார் இரண்டு கையிலும் குளுக்கோஸ் பையை வைத்து அழுத்திக்கொண்டே மலரிடம் பேச்சுக் கொடுத்தார். "பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கப் போற?" "அவரு போன் பண்ணட்டும் சார்." கொஞ்ச நேரம் கழித்து, "சார், குளிருது" என்றாள். சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். யா அல்லாஹ், இவளை எங்களிடமே கொடுத்துவிடு என்று அந்த ஒன்றைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் காதில் அது விழுந்தது. கிளாரிநெட் இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் பக்கம் முடியப் போகிறது. முடிந்தால் 'டக்' என்று நின்றுவிடும். திருப்ப ஆள் இல்லை. நின்ற பாட்டு நின்றபடியே இருக்கும். மலர் அந்த அமைதியில் படுத்திருப்பாள். இரண்டு வருஷம் இதே தியேட்டரில் அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து நின்றவள்.

அம்மா கர்ப்பப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கடைசியாகப் போட்ட ஊசி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம்தான் என் கை சும்மா இருந்தது. அடுத்து அவர் கை நீட்டினால் ரத்தக் குழாயைக் கட்ட ஊசியும் நூலும் கொடுக்க வேண்டும். அப்புறம் நகர முடியாது. "அம்மா, கேசட்" என்றேன். அவர் பாட்டைக் காதால் அளந்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் அந்த ரத்தக் கையுறையோடு இரண்டு எட்டில் போய், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு அழுத்தினேன். கேசட் கையில் வழுக்கியது. சாதாரணக் குரலை வரவழைத்துக்கொண்டு, "பக்கம் முடிஞ்சிருச்சு மலரு, திருப்பிப் போட்டிருக்கேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

கையுறை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா கையை நீட்டினார். ஊசி கொடுத்தேன். இடது பக்கம் ஒரு கட்டு. மறுபடி நீட்டினார். வலது பக்கம் ஒரு கட்டு. கர்ப்பப்பைக்குப் போகிற ரத்தக் குழாயை இரண்டு பக்கமும் கட்டுவது. அதிலும் நிற்கவில்லை என்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டியதுதான். அதற்கு அவள் உடம்பு தாங்காது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு, துள்ளிக் குதிக்கிற பாட்டு, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் வந்து மாட்டிக்கொண்ட இழவு வீட்டுக்காரர்கள் மாதிரி நாங்கள் நின்றோம். மலர் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சார் பேசினால் "ம்" என்றாள். அந்த "ம்" தேய்ந்துகொண்டே வந்தது.

கோவிந்தன் வந்து சேர்ந்தார். காரைக் கேட்டுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு, ரத்தப் பையைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, குறுக்குக் கம்பிக்குக் கீழே நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார். கேட் கீப்பர் கத்தியதை அவர் பிறகு நடித்துக் காட்டுவார். ரத்தம் ஏறத் தொடங்கியது. அம்மா கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்த்தார். என் விரலை இழுத்து அதன்மேல் வைத்தார். இறுகியிருந்தது. கல் மாதிரி இல்லை, ஆனால் இறுகியிருந்தது. கீழே வைத்த துணி வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்கு அம்மா "எண்ணுங்க" என்று சொன்னபோது எனக்கு எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

முடிந்த பிறகு அம்மா கைகழுவுகிற அறையில் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "டீ வேணுமாம்மா?" என்றேன். வேண்டாம் என்று கையாட்டினார். "ஜமீலா, இனிமே நானே சொன்னாலும் பாட்டை நிறுத்தாதே" என்றார். நான் கேசட்டை எடுத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ரத்தத்தோடு அதன்மேல் இருந்த எழுத்தெல்லாம் கரைந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் எது முதல் பக்கம், எது இரண்டாம் பக்கம் என்று போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

அன்றிலிருந்து எங்கள் தியேட்டரில் பாட்டு நிற்கவில்லை. நல்லதுதான் என்று நினைப்பீர்கள். எனக்குச் சலிப்பு அங்கேதான் தொடங்கியது. முன்பு பாட்டு ஓடும்வரை நிம்மதியாக நிற்கலாம். இப்போது பாட்டு ஓடினாலும் நம்பமுடியாது, அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டு கேட்பது போய், இன்னும் எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன். மூலக் கேசட் தேய்ந்தது. கும்பகோணம் ரோட்டில் ஒரு கடையில் பிரதி எடுத்தோம், அதுவும் தேய்ந்தது. அந்தக் கடை பிறகு செல்போன் கடையானது. நல்ல நல்ல நர்ஸுப் பெண்களெல்லாம் ஏஜென்டைப் பிடித்து வளைகுடாவுக்குப் பறந்தார்கள். மலரும், மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள். நான் மட்டும் அம்மாவுக்கு எதிரே நின்றேன். அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியதும் அவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கேயே காலமானார். ஆஸ்பத்திரி இப்போது ஸ்கேன் சென்டர். என் டேப் ரெக்கார்டர் எங்கே போனது என்று தெரியவில்லை. தமாமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த என் வீட்டுக்காரர் மட்டும் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள் என்றேனே, மலர் மட்டும் சிரிப்பு மூஞ்சி போடவில்லை. அன்றைக்கே போன் செய்தாள். "அக்கா, அந்தக் கேசட்டை யாரோ நெட்டுல போட்டிருக்காங்க. எங்கிட்ட இருக்கு. லீவுல வாரப்ப கொண்டாறேன்." சொன்ன மாதிரியே போன வாரம் வந்தாள். தலை நரைத்துவிட்டது, மூட்டு வலி என்கிறாள், உட்காரும்போது என்னைப் போலவே முனகுகிறாள். அன்றைக்குக் கறுப்பு என்று குறைசொன்ன மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகை வைத்தாள். டீ குடித்தோம். போனை மேஜையில் வைத்துப் பாட்டைப் போட்டாள்.

கைகழுவுற பாட்டு. கத்திப் பாட்டு. பிள்ளைப் பாட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நான் உட்கார்ந்து கேட்டேன். பரவாயில்லை, நன்றாகத்தான் வாசித்திருக்கிறார் அந்த மனுஷர். நாலாவது பாட்டு இறங்கி இறங்கி வந்து நின்றது. "பலே!" என்றார் கிழவர்.

மலர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு இவரு சொல்லலைக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. "எவரு?"

"இந்தத் தாத்தா. பக்கம் முடிஞ்சிருச்சுன்னீங்க. இவரு 'பலே' சொல்லாம எப்படிக்கா பக்கம் முடியும்?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "தெரியுமாடி உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி சரின்னே?"

"உங்க குரல் நடுங்குச்சு. கையும் நடுங்கும்ல, அதான். நான் வேற அழுதேன்னா நீங்க எப்படிக்கா ஊசி எடுத்துக் கொடுப்பீங்க? சாகறதுன்னாலும் சத்தம் போடாம சாவோம்னு படுத்துக்கிட்டேன்."

அவள் பயப்படக்கூடாது என்றுதான் நாங்கள் பாட்டை ஓடவிட்டோம். நாங்கள் பயப்படக்கூடாது என்று அவள் அந்தப் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் கிடந்திருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அழுதேன். மலர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனில் கைதட்டல் முடிந்து, அந்தத் துள்ளிக் குதிக்கிற பாட்டு தானாகவே தொடங்கிவிட்டது. இப்போதெல்லாம் யாரும் எழுந்து போய்த் திருப்ப வேண்டியதில்லை.